களரி வணக்கமும் தெருச் சண்டையும்: அடிமுறை பயில்வோருக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய தற்காப்புக் கலை அடிமுறை. அங்கே மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கத்துக் களரிகளில், அதாவது பயிற்சிக்கூடங்களில், பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஆசானே, இதைப் படிச்சா ஒருத்தன் கையைப் பிடிச்சா தப்பிக்க முடியுமா?" நியாயமான கேள்வி. ஆனால் சில களரிகளில் குத்துவிளக்கு, வணக்கம், சுவடு (கால்வைப்பு முறை) என்று வருடங்கள் ஓடிவிடுகின்றன. எதிராளி ஒருமுறையாவது மனமறிந்து பிடித்து இழுத்ததை மாணவன் கண்டிருக்க மாட்டான். வேறு சில இடங்களில் வணக்கத்தையும் வரிசையையும் தள்ளிவைத்துவிட்டுப் பத்து நாளில் தற்காப்பு என்று பலகை மாட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கப்போவது பிள்ளைதான்.

தற்காப்புக்கு வேண்டியதில் பெரும்பகுதி அடிமுறையின் பழைய வரிசையிலேயே இருக்கிறது. மேடை நிகழ்ச்சிகளும் போட்டிகளும் பெருகிய பிறகு கைநழுவியது எதிர்ப்பு, அதாவது ஜோடி உண்மையாகவே பிடித்து இழுப்பது, ஒன்றுதான். அதைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். மரபில் எதையும் வெட்ட வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கலை மட்டும் இரண்டு பக்கமும் நின்றது. இங்கே அடிமுறை என்பதை அங்கே தெக்கன் களரி என்பார்கள். இரு பக்கத்தாருக்கும் இந்தக் குறிப்புகள் பொருந்தும்.

வகுப்பு நேரத்தைப் பிரிப்பது

வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். வணக்கத்துக்கும் உடல் சூடேற்றவும் 15 நிமிடம். சுவடும் நிலைகளும் 25 நிமிடம். பூட்டும் பிரிவும் (பிடித்து மடக்குவதும் பிடியிலிருந்து விடுபடுவதும்), தட்டும் வெட்டுமாக ஜோடிப் பயிற்சி 25 நிமிடம். எதிர்ப்போடு செய்யும் பயிற்சி 15 நிமிடம். மீதி 10 நிமிடம் தளர்வதற்கும் கேள்விக்கும். பல களரிகளில் நான்காவது பகுதியே கிடையாது. இருக்கும் இடங்களிலும் எல்லோரும் களைத்துப்போன பிறகு கடைசியில் வைக்கிறார்கள். களைத்த உடம்போடு எதிர்ப்புப் பயிற்சி செய்தால் காயம்தான் வரும். ஜோடிப் பயிற்சி முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

வணக்கத்தைச் சுருக்காதீர்கள். அது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் கைகளைக் கவனிக்க வேண்டும். நெஞ்சுக்கு நேரே கூப்பிய கை அப்படியே அரை அடி முன்னால் போய், உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பினால் அதுவே காவல். பார்க்கிறவர்களுக்கு அது "வேண்டாம், விடுங்க" என்று சொல்லும் கை. எதிராளி வீசினால் முகத்துக்கு முன்னால் ஏற்கெனவே இரண்டு கை நிற்கிறது. வணக்கம் சொல்லும்போது கண் தரைக்குப் போகாமல் எதிரே நிற்பவரின் நெஞ்சில் நிற்கட்டும். வணக்கத்திலிருந்து காவலுக்குப் போவதை நாளுக்கு 20 முறை தனியாகச் செய்யச் சொல்லுங்கள். பத்தாவது வகுப்புக்குள் கை தானாகவே அங்கே போய்விடும்.

கைப்பிடி விடுவித்தல்: மூன்று படி

பூட்டும் பிரிவும் அடிமுறையின் உயிர். அதில் முதலில் கற்பிப்பது மணிக்கட்டுப் பிடி. எதிராளியின் இடது கை உங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விரல்களை நன்றாக விரியுங்கள், முன்கை இறுகும். கையைப் பின்னால் இழுக்காதீர்கள். இடது காலை அவரை நோக்கி ஒரு முழம் வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, உங்கள் முழங்கையை அவருடைய முழங்கையின் பக்கம் கொண்டுபோங்கள். பிடியில் பலவீனமான இடம் அவருடைய பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி. உங்கள் பெருவிரல் பக்கத்து எலும்பு விளிம்பை அந்த இடைவெளிக்குத் திருப்பி, முன்கை மேலெழுந்து வெளியேறட்டும். இவ்வளவும் நடக்கும்போது இடது உள்ளங்கை உங்கள் முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். விடுபட்டதும் மூலைவாட்டில் இரண்டு எட்டு பின்வாங்கி, இருபுறமும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இது கெட்டுப்போகும் விதங்களைக் கவனியுங்கள். பிடித்ததும் கையை நேராகப் பின்னுக்கு இழுப்பதுதான் முதல் தவறு. உங்கள் தோள் பலத்துக்கும் அவர் உடம்பு எடைக்கும் நடக்கும் போட்டி அது. எடை கூடியவர் ஜெயிப்பார். காலை அசைக்காமல் கையை மட்டும் திருப்புவது அடுத்தது. பல களரிகளில் பிடிப்பவரே கையைத் தளர்த்திக் கொடுத்துவிடுகிறார். மாணவன் மனதில் "நமக்கு வருகிறது" என்று பதிந்துவிடுகிறது. அதைவிட ஆபத்தான பாடம் வேறில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடித்தவருக்கு இன்னொரு கை உண்டு என்பதையே இரண்டு பேரும் மறந்துபோகிறார்கள்.

அதனால் இதை மூன்று படியாகச் செய்யுங்கள். முதல் படியில் பிடிப்பவர் உறுதியாகப் பிடிப்பார், அசைய மாட்டார். இரண்டாவதில் பிடித்தவுடன் தன் பக்கம் இழுத்துக்கொண்டே நடப்பார். மூன்றாவதில் இழுத்துக்கொண்டே மறுகையால் தோளையும் கன்னத்தையும் மெல்லத் தட்டிக்கொண்டிருப்பார். பத்து முறையில் ஆறேழு முறை விடுபட்டால் படி சரியாக இருக்கிறது. பத்துக்குப் பத்தும் வந்தால் ஜோடி இரக்கம் காட்டுகிறது. அடுத்த படிக்குப் போங்கள். இரண்டு மூன்றுதான் வருகிறது என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். இறங்குவதில் வெட்கம் வேண்டாம். "மக்களே, கொஞ்சம் மெதுவா குடு" என்று ஆசான் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த வார்த்தைக்குக் கட்டுப்படும் பழக்கம்தான் களரி ஒழுக்கத்தின் பயன். கட்டுப்பாடு இல்லாத இடத்தில் எதிர்ப்புப் பயிற்சியே நடத்த முடியாது. இரண்டாம் நாள் சண்டையாகிவிடும்.

சட்டைப் பிடி, கழுத்தைப் பின்னாலிருந்து வளைப்பது, முடியைப் பிடிப்பது, சுவரோடு அழுத்துவது என்று மற்றவற்றுக்கும் இதே மூன்று படிதான். மாதத்துக்கு ஒன்றே போதும்.

தாழ்ந்த நிலையும் நின்ற நிலையும்

தாழ்ந்த நிலைகள் சண்டையில் உதவாது என்று சொல்பவர்களும், சண்டையிலும் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. இரண்டு பேருமே பாதிதான் பார்க்கிறார்கள். தாழ்ந்த நிலை தொடைக்கும் இடுப்புக்கும் பலம் சேர்க்கும் பயிற்சி. ஒரு நிலையில் 30 நொடி நின்று, பக்கத்துக்கு நான்கு முறை செய்யுங்கள். முழங்கால் உள்பக்கம் சரிந்தால் மூட்டுவலி நிச்சயம். முழங்கால் எப்போதும் கால் விரல்கள் காட்டும் திசையையே காட்ட வேண்டும். ஜோடிப் பயிற்சிக்கு வந்ததும் எழுந்து நில்லுங்கள். முழங்கால் சற்றே மடங்கி, குதிகால் லேசாக இருந்தால் போதும். தாழ நின்றவன் விலகிப் போக ஒரு நொடி கூடுதலாக எடுத்துக்கொள்வான்.

முஷ்டியைவிட உள்ளங்கை மேல். மூடிய கையால் தலையில் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு ஒடிவது மிகவும் சாதாரணம். அடிமுறையில் திறந்த கைக்கும் முழங்கைக்கும் இருக்கும் இடத்தை அப்படியே காப்பாற்றுங்கள். முகவாயை நோக்கி உள்ளங்கையின் அடிப்பாகம், மிக நெருக்கத்தில் முழங்கை, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதை. இந்த மூன்றே ஒருவருக்கு முதல் வருடத்துக்குப் போதும். தலைக்கு மேலே போகும் கால் வீச்சை உடம்பு வளைவதற்காகச் செய்யுங்கள். மழையில் ஊறிய செம்மண்ணிலும் மடித்துக் கட்டிய கைலியிலும் அதை நம்பாதீர்கள்.

வர்மம்

உடம்பின் உயிர்நிலைகளான வர்மங்கள் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்ற கணக்கை இந்தப் பக்கத்தில் சிறுபிள்ளைகளும் சொல்லும். அதனாலேயே புதிதாகச் சேர்ந்தவர்களின் ஆசை நேராக அங்கே போகிறது. ஆசான்மார் அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்ததைக் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது விரல்களின் நுண்மையான வேலை முதலில் போய்விடும். இருட்டில், சட்டை போட்டுக்கொண்டு, அசைந்துகொண்டிருக்கும் ஒருவரின் நாணய அளவு இடத்தில் குறிப்பிட்ட விரல் அளவில் குறிப்பிட்ட வேகத்தில் தொடுவது, நீண்டகாலப் பயிற்சி உள்ளவருக்கும் நிச்சயமில்லை. தப்பித்தவறிப் பட்டுவிட்டால் திலர்தம், செவிக்குத்தி போன்ற தலைப்பகுதி இடங்களில் நிரந்தரக் கேடு வரலாம். அதனால் தெருவுக்கு வர்மத்தை எடுத்துப் போகாதீர்கள். அது வைத்தியத்துக்கும், வைத்தியம் தெரிந்த பிறகு கற்கும் அடிக்கும் உரியது. வர்ம அடியின் கேட்டை நீக்கும் இளக்குமுறை தெரியாமல் அடியை மட்டும் கற்றுத்தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் போக வேண்டாம்.

கம்பிலிருந்து குடைக்கு

நெற்றி உயரச் சிலம்பக் கம்பை எடுத்துக்கொண்டு யாரும் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் போவதில்லை. ஆனால் இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் குடை இல்லாத பை குறைவு. மூன்று சாண் நீளக் குட்டைக் கம்பான குறுவடியில் கற்ற குத்து அப்படியே நீளக் குடைக்கு வரும். ஒரு கை பிடியில், ஒரு கை மடக்கிய குடையின் நடுவில். முனை எதிராளியின் வயிற்றை நோக்கி. இரண்டு கையாலும் குத்தி உடனே இழுங்கள். குடையை வீசி அடிக்காதீர்கள். மெல்லிய கம்பிகள் வளையும், துணி எதிராளி கையில் சிக்கும், அவர் இழுத்தால் குடையும் போய் உங்கள் சமநிலையும் போய்விடும். முனை பிடிபட்டுவிட்டால் இழுபறி செய்யாமல் அவர் பக்கமே தள்ளி விட்டுவிட்டு ஓடுங்கள். கைப்பைக்குள் மடங்கும் சின்னக் குடை அடிக்க உதவாது. முகத்தில் எறிந்து ஓடுவதற்கு உதவும்.

சிலம்பத்தில் கற்ற கால் வரிசைதான் இங்கே உண்மையான வரவு. நேர்ப் பின்னால் போகாமல் பக்கவாட்டில் விலகும் பழக்கம் கம்பு சுற்றியவருக்கு இருக்கும். அதற்காகவே கம்பைத் தொடர்ந்து சுற்றுங்கள்.

கத்திக்கு எதிரே: நீலம் நனைத்த ஸ்பாஞ்சு

கட்டாரி (குத்துவாள்) அடவுகளில், அதாவது வரிசைப்படுத்திய பயிற்சி அசைவுகளில், எதிராளி ஒரு குத்து குத்திவிட்டு நிற்பார்; நாம் கையைப் பூட்டுவோம். கத்தி வைத்திருப்பவன் நிற்க மாட்டான். தையல் இயந்திர ஊசி போல விடாமல் போய்வரும் கை அது. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்துபார்க்க வேண்டும்.

ஒரு அடி ஸ்கேலின் முனையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒரு துண்டைக் கட்டுங்கள். துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்து அதில் நனையுங்கள். தற்காப்பவருக்குப் பழைய வெள்ளை பனியன், கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. நேரம் 20 நொடி. தாக்குபவர் இடது கையால் தள்ளிக்கொண்டும் பிடித்துக்கொண்டும் வலது கையால் விடாமல் குத்தட்டும். முடிந்ததும் பனியனைப் பாருங்கள். நன்றாக அடவு செய்யும் பிள்ளையின் வயிற்றிலும் முன்கையிலும் நீலப் பொட்டுகள் நிறைந்திருக்கும். விளக்க உரை எதுவும் அப்போது தேவைப்படாது.

அடுத்த சுற்றில் பிள்ளையிடம் ஒரு பள்ளிப்பையைக் கொடுத்து, பத்தடி தூரத்திலிருந்து தொடங்கி, வெளியேற ஒரு வழியையும் வையுங்கள். பையை முன்னால் பிடித்துக்கொண்டு வழியை நோக்கி ஓடினால் பொட்டுகள் எவ்வளவு குறைகின்றன என்று ஒப்பிடுங்கள். ஓட்டம், இடையில் பொருள், தூரம் ஆகியவை முதலில். ஓட வழியே இல்லாதபோது மட்டும் கத்திக் கையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது. கட்டாரி அடவை அதற்காகக் கைவிட வேண்டாம். கையைப் பற்றும் கோணமும் கால் வைக்கும் இடமும் அதில்தான் இருக்கின்றன. வழிப்பறிக்காரன் பர்ஸைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வாய்

சத்தம் போடுவதையும் சுவடு போலவே பயில வேண்டும். பயந்தவனுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பழகாதவருக்கு வார்த்தை வராது. "மாறி நில்லு!" என்பது எல்லைக்கு இரண்டு பக்கமும் புரியும். வயிற்றிலிருந்து எழும் ஒரே குரலில், கை காவலில் இருக்கும்போது, வகுப்புக்குப் பத்து முறை சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்படும் பிள்ளைகளை முதலில் கூட்டமாகவும் பிறகு தனியாகவும் கத்தவையுங்கள்.

தெரிந்தவர் குடித்துவிட்டு வந்து வம்பிழுக்கும்போது குரல் வேறு. கல்யாண வீட்டில் மாமா முறையுள்ளவர் தோளைப் பிடித்து உலுக்கினால் "மாமா, விடுங்க, நாளைக்குப் பேசலாம்" என்று தாழ்ந்து சொல்லிக்கொண்டே காவல் கையோடு பின்வாங்கலாம். மரியாதைச் சொல் கைக்கு நேரம் வாங்கித்தரும். ஜோடிப் பயிற்சியில் இதையும் நடித்துப் பாருங்கள். அடி இல்லாமல் முடிவதும் வெற்றிதான் என்று பிள்ளைகள் அங்கே கற்கும்.

மாதம் ஒருமுறை களரி உடையை விட்டு, நிஜத்தில் போடும் உடையில் பயிலுங்கள். சுடிதார், பள்ளிச் சீருடை, செருப்பு, தோளில் பை. துப்பட்டா சிக்கும், செருப்பு வழுக்கும், பைப்பட்டை தோளை இழுக்கும். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகும் பெண்கள் தலைவிளக்கும் வாளியுமாக ஒற்றையடிப் பாதையில் நடப்பவர்கள். அவர்களுக்கு மரங்களுக்கு நடுவே, குறைந்த வெளிச்சத்தில் பயிற்சி வேண்டும்.

காயம்

பல்காப்பும் இடுப்புக் கவசமும் இல்லாமல் எதிர்ப்புப் பயிற்சி கூடாது. வெந்நீரில் மென்மையாக்கிக் கடித்துப் பொருத்தும் பல்காப்பே போதுமானது. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. அதனால் தலைக்குப் போகும் அடி கால்வாசி வேகத்துக்கு மேல் வேண்டாம். அடிபட்டவருக்குத் தலைவலி, வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் எதுவாவது இருந்தால் அன்று அவர் திரும்பக் களத்தில் இறங்கக்கூடாது, மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

உழிச்சலும் (உடம்பு தேய்ப்பும்) எண்ணெயும் பயிற்சிக்குப் பிந்திய தளர்வுக்கு நல்லது. ஆனால் புதிதாக வீங்கிய மூட்டை முதல் இரண்டு நாள் தேய்க்காதீர்கள். கை வடிவம் மாறியிருந்தாலோ விரல் மரத்துப்போனாலோ முதலில் எக்ஸ்ரே. ஆசானின் கட்டு அதற்குப் பிறகு.

பெண்பிள்ளைகளும் சிறுவர்களும்

உடம்பைத் தொட்டுத்தான் பூட்டும் பிரிவும் கற்பிக்க முடியும். அதனாலேயே முறை தெளிவாக இருக்க வேண்டும். எங்கே, எதற்குத் தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடுவது, திறந்த முற்றத்தில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி நடத்துவது, பெண்பிள்ளைக்குப் பெண் ஜோடி, தனியறை வகுப்போ தனி உழிச்சலோ கிடையாது. குருபக்தியைக் காரணம் காட்டி இதில் எதையாவது விலக்கச் சொன்னால் பிள்ளையை உடனே நிறுத்துங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

சட்டம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை என்று 37-ஆம் பிரிவு சொல்கிறது. விழுந்தவனை மிதித்தால், ஓடுபவனைத் துரத்திப்போய் அடித்தால், நீங்கள் தாக்கியவர் ஆகிவிடுவீர்கள். அதனால் ஒவ்வொரு ஜோடிப் பயிற்சியும் இரண்டு எட்டு பின்வாங்கிக் காவலில் நிற்பதோடு முடிய வேண்டும். அடி விழுந்த இடத்தில் பயிற்சியை முடித்தால் தெருவிலும் அங்கேயே நிற்பான்.

சம்பவத்துக்குப் பிறகு 112-ஐ அழையுங்கள். எண் இரு மாநிலத்துக்கும் ஒன்றே. பெண்களுக்கு 181 உண்டு. சம்பவம் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலைப் பக்கம் நடந்தது, அங்கே போங்கள் என்று ஒரு ஸ்டேஷனில் சொன்னால், எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். உடம்பில் உள்ள காயங்களை அன்றே படமெடுத்து, அரசு மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள்.

ஆசானைத் தேர்ந்தெடுப்பது

வெற்றிலை பாக்கோடு தட்சணை வைக்கும் முன்பு இரண்டு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். பிடிப்பவர் உண்மையாகப் பிடிக்கிறாரா? தோற்ற பிள்ளையை யாராவது சிரிக்கிறார்களா? மூத்த மாணவர் சின்னவனோடு பயிலும்போது வேகத்தைக் குறைக்கிறாரா? வகுப்பு முடிந்ததும் பணிவாக ஒன்று கேளுங்கள்: "ஆசானே, அவன் இப்படி இழுத்துட்டே அடிச்சா என்ன செய்ய?" கேள்வியைக் குற்றமாக எடுத்துக்கொள்பவரும் உண்டு, பக்கத்தில் நிற்கும் மாணவனைக் கூப்பிட்டு "பிடிச்சு இழு பாப்போம்" என்று அங்கேயே செய்துகாட்டுபவரும் உண்டு. இரண்டாமவரிடம் சேருங்கள்.